அடுப்பைப் போட்டதும் பேட்டரி ஏன் படுக்கிறது? 200 ஆண்டுகளுக்கு முன்பே இதில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியார்

சுருளி அருவிக்குப் போகும் வழியில், பன்னீர் திராட்சைத் தோட்டத்து ஓரமாக ஒரு கேம்பர் வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் கிளம்பும்போதே பேட்டரியை ஃபுல் சார்ஜ் போட்டாயிற்று. உள்ளே லைட் எரிகிறது, சின்ன ஃபிரிட்ஜ் ஓடுகிறது, நாலு போன் சார்ஜ் ஆகிறது. ஒரு பிரச்சினையும் இல்லை. டீ போடலாம் என்று இண்டக்‌ஷன் அடுப்பை ஆன் செய்த சில நொடிகளில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. மீட்டரில் 10.4 வோல்ட். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மறுபடி 12.6 வோல்ட் பக்கம் வந்து நிற்கிறது.

பேட்டரி காலியா, ஃபுல்லா? வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்டால் பேட்டரி புதுசு என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

இந்தக் குழப்பம் வேனுக்கு மட்டும் வருவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். டிரான்ஸ்பார்மரில் இருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் கிணற்றில் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு ஒரு நிமிடம் அழுது வடியும். லோ வோல்டேஜ் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

முதன்முதலில் இந்தச் சிக்கலை அளந்து பார்த்து, அதில் ஒருமுறை தோற்று, பிறகு கணக்காக எழுதி முடித்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஓம் விதியின் ஓம் அவர்தான். அந்த விதியை எழுதியபோது அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார்.

பூட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை

இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் ஊரில் 1789 மார்ச் 16 அன்று ஓம் பிறந்தார். அப்பா யோஹான் வோல்ஃப்காங் பூட்டு செய்யும் தொழிலாளி. அம்மா ஒரு தையல்காரரின் மகள். பிறந்த ஏழு பிள்ளைகளில் பிழைத்து வளர்ந்தது மூன்று பேர். ஓமுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார்.

அப்பாவுக்கு முறையான படிப்பு கிடையாது. ஆனாலும் தானாகவே கணக்கும் இயற்பியலும் படித்து, ஜார்ஜுக்கும் தம்பி மார்ட்டினுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். அது வீண் போகவில்லை. மார்ட்டின் பின்னாளில் பெயர் பெற்ற கணிதப் பேராசிரியர் ஆனார். உலோகத்தை அறுக்க, ராவ, பொருத்த அப்பாவின் பட்டறையில் கற்றுக்கொண்டதும் பின்னால் ஓமுக்குக் கைகொடுத்தது. ஆய்வுக்கு வேண்டிய கருவிகளை அவரே செய்துகொள்ள முடிந்தது.

1805-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையன் அங்கே என்ன செய்தார்? நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று செமஸ்டரோடு படிப்பு நின்றது. 1806-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக அனுப்பப்பட்டார். 1811-ல் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் சொற்ப வருமானத்தில் பாடம் நடத்திப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. 1813 முதல் பாம்பெர்க் ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலை. பிடிக்காத வேலை, சம்பளமும் குறைவு. வடிவியல் பற்றி அவர் எழுதிய ஒரு புத்தகம் பிரஷ்ய மன்னரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், 1817-ல் கொலோன் நகரத்தின் பெரிய பள்ளியில் நல்ல வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் ஒரு நல்ல இயற்பியல் ஆய்வகம் இருந்தது. ஓமின் வாழ்க்கையைத் திருப்பியது அந்த அறைதான்.

1820-ல் டென்மார்க்கில் ஆர்ஸ்டெட், கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். அதாவது, கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று ஊசியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓமுக்கு இதுதான் வேண்டியிருந்தது. கம்பி நீளமாக நீளமாக கரண்ட் எவ்வளவு குறைகிறது? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளே அன்று கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது.

தளர்ந்துபோகும் பேட்டரி

அன்று கையில் இருந்த பேட்டரி, தாமிரத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் அமிலம் கலந்த நீரில் வைத்த வோல்டா வகைதான். ஓம் கம்பியை மாட்டுவார், ஊசி திரும்பும். குறித்துக்கொள்வதற்குள் ஊசி மெல்லப் பின்வாங்கும். குட்டையான, தடிமனான கம்பியை மாட்டினால் பேட்டரி சட்டென்று தளரும். கம்பியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டால் மறுபடி தெம்பு வந்துவிடும். திராட்சைத் தோட்டத்து வேனில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

இன்று காரணம் தெரியும். கரண்ட் இழுக்க இழுக்க தகட்டின் மேல் வாயுக் குமிழிகள் படியும், தகட்டை ஒட்டியிருக்கும் அமிலம் நீர்த்துப்போகும், வோல்டேஜ் சரியும். ஓமுக்கு அது தெரியாது. அளக்கப் போனது கம்பியை. ஆனால் ஊசி காட்டியது கம்பியும் பேட்டரியின் களைப்பும் கலந்த ஒரு எண். அந்த எண்களுக்குப் பொருந்தும்படி மடக்கை போட்டு ஒரு சூத்திரம் செய்து 1825-ல் வெளியிட்டார். தப்பான சூத்திரம். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் 36 வயதிலும் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பல்கலைக்கழக வேலைக்கு எழுத்தில் ஏதாவது வேண்டியிருந்தது.

அந்தக் கட்டுரை வெளிவந்த காலத்தில் அறிவியல் இதழ் ஒன்றை நடத்திய பொகெண்டார்ஃப் ஓமுக்கு ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு, ஸீபெக் என்பவர் 1821-ல் கண்டுபிடித்த வெப்ப முறையைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் கொஞ்சமாக மின்சாரம் உண்டாகும். ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வோல்டேஜ் மிகமிகக் குறைவு. ஆனால் தண்ணீர் கொதித்துக்கொண்டும் பனி உருகிக்கொண்டும் இருக்கும்வரை அது அசையாது. அவருக்கு வேண்டியது பலம் இல்லை, நிதானம்.

1826 ஜனவரியில் எட்டுத் தாமிரக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். ஒரே தடிமன், நீளம் மட்டும் 2 அங்குலத்தில் தொடங்கி 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றாக மாட்டி ஊசியின் திருப்பத்தைக் குறித்தார். இந்த முறை எண்கள் அழகாக ஒரு கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. கரண்ட் என்பது மூலத்தின் பலத்தை இரண்டு தடைகளின் கூட்டலால் வகுத்தால் வருவது. ஒரு தடை, வெளியே மாட்டிய கம்பி. இன்னொன்று, எந்தக் கம்பியை மாட்டினாலும் மாறாமல் இருந்த ஓர் எண். அவருடைய கணக்கில் அது சுமார் 20 அங்குலக் கம்பிக்குச் சமம்.

அந்த 20 அங்குலக் கம்பியை யாரும் மாட்டவில்லை. அது கருவிக்குள்ளேயே இருந்தது. மின்சாரத்தைத் தரும் பொருளே மின்சாரத்தைத் தடுக்கவும் செய்கிறது என்பதை ஓம் எண்ணாகவே காட்டிவிட்டார். பள்ளிப் பாடத்தில் ஓம் விதி என்று முதலில் படிப்பதில் இந்தப் பாதி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. பேட்டரி என்றால் மாறாத வோல்டேஜ் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறோம். வேனில் வந்து மாட்டிக்கொள்வது அதனால்தான்.

இதில் ஒரு சின்ன உபகதை. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் ஏறத்தாழ இதே விதியை 1781-லேயே கண்டுபிடித்திருந்தார். மீட்டர் எதுவும் இல்லாததால், தன் உடம்பில் வாங்கிய ஷாக் எவ்வளவு பலமானது என்பதை வைத்தே அளந்தார். ஆனால் எழுதியதை வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மேக்ஸ்வெல் அச்சிட்டது 1879-ல்தான்.

வேனுக்குள் நடக்கும் கணக்கு

ஓமின் அந்த இரண்டு தடைகளை வைத்து வேனின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அடுப்பு 1,500 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் அது இழுப்பது ஆறரை ஆம்பியர்தான். வேனில் 12 வோல்ட் பேட்டரி. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியில் இருந்து சுமார் 140 ஆம்பியர் போயாக வேண்டும்.

பேட்டரியின் உள்தடை 5 மில்லி ஓம், அதாவது ஒரு ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்று வைப்போம். 140 ஆம்பியருக்கு அதுவே 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரி வேனின் பின்னால், இன்வெர்ட்டர் முன்னால். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 16 ஸ்கொயர் எம்எம் தாமிரக் கேபிள். இதன் தடை சுமார் 11 மில்லி ஓம். அங்கே இன்னொரு 1.5 வோல்ட் போச்சு. 12.6-ல் இரண்டையும் கழித்தால் 10.4. பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். கதை முடிந்தது.

உண்மையில் இது இன்னும் மோசம். வோல்டேஜ் இறங்கினாலும் அடுப்புக்கு 1,500 வாட் கொடுக்க வேண்டும் என்பதால், இன்வெர்ட்டர் முன்னைவிட அதிக ஆம்பியரை இழுக்கும். ஆம்பியர் ஏறினால் வோல்டேஜ் மேலும் இறங்கும். ஒன்றை ஒன்று கீழே தள்ளிக்கொண்டே போகும். காணாமல்போன அந்த 1.5 வோல்ட் எங்கும் போகவில்லை, கேபிளில் சூடாக இருக்கிறது. 200 வாட்டுக்கு மேல். மூன்று பழைய சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம். கேபிள் நுனியில் லக் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் அந்தச் சூடு ஒரே இடத்தில் குவியும். வேனில் தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு இன்னொரு புதுப் பேட்டரி வாங்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது பாதித் தீர்வுதான். ஒரே வயதுள்ள இரண்டு பேட்டரியை பேரலலாகப் போட்டால் உள்தடை பாதியாகும். கேபிள் தின்பது அப்படியே இருக்கும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் 50 ஸ்கொயர் எம்எம் கேபிள் போட்டால், அந்த ஒன்றரை வோல்ட் இழப்பு 0.1 வோல்ட்டுக்குச் சுருங்கிவிடும். அல்லது இரண்டு பேட்டரியை சீரீஸில் இணைத்து 24 வோல்ட் ஆக்கினால் ஆம்பியர் பாதியாகும், கேபிளில் வீணாகும் சூடு நாலில் ஒன்றாகும். அதற்கு 24 வோல்ட் இன்வெர்ட்டர் வேண்டும்.

பேரலலில் இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே பேட்டரியில் இருந்து எடுத்தால் அந்தப் பேட்டரியே அதிகச் சுமையைத் தூக்கும். இணைப்புக் கம்பிக்கும் தடை உண்டே! பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலும் மைனஸை மறுகோடிப் பேட்டரியிலும் எடுத்தால் சுமை சமமாகப் பிரியும்.

சார்ஜ் ஏற்றும்போது இதே தடை எதிர்த்திசையில் வேலை செய்யும். எஞ்சினில் இருக்கும் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தருகிறது. ஆனால் மெல்லிய ஒயரில் பின்னால் இருக்கும் பேட்டரிக்கு 20 ஆம்பியர் போகும்போது 13.4 வோல்ட்தான் போய்ச் சேரலாம். லெட் ஆசிட் பேட்டரி முழுசாக நிரம்ப 14.4 வோல்ட் அளவில் சில மணி நேரம் வேண்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியர் குறையும், ஒயரின் இழப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் மேகமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் முடிந்து எஞ்சினை அணைத்திருப்பார்கள். இப்படி அரைகுறையாகவே சார்ஜ் ஆகும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய் உள்தடை இன்னும் ஏறும். தடிமனான ஒயரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு டிசி-டிசி சார்ஜரும் போடுவது இதற்காகத்தான். சார்ஜில் இருக்கும்போது மீட்டர் 14 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. அது சார்ஜர் தள்ளும் வோல்டேஜ். கழற்றிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் பேட்டரியின் நிஜமான எண்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பெரியாறு அணைத் தண்ணீர் நான்கு ராட்சதக் குழாய்களில் மலையிலிருந்து லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. கட்டியபோது அதன் திறன் 140 மெகாவாட். அந்த உயரம்தான் வோல்டேஜ் போல. மின்நிலையத்தைத் தாண்டிய தண்ணீர் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்குப் பாய்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடைக்கு என்ன வரும் என்று விவசாயிக்குத் தெரியும். கரண்டுக்கும் கடைமடை உண்டு. அதனால்தான் லோயர்கேம்ப் மின்சாரம் 12 வோல்ட்டிலோ 230 வோல்ட்டிலோ வெளியூர் போவதில்லை. லட்சம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, ஆம்பியரைக் குறைத்து அனுப்புகிறார்கள்.

வேலையை விட்ட வாத்தியார்

ஓமும் இப்படி ஒரு ஒப்புமையில் இருந்துதான் தன் கோட்பாட்டைக் கட்டினார். அவர் எடுத்துக்கொண்டது தண்ணீர் அல்ல, வெப்பம். உலோகத் தண்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று பிரான்ஸின் ஃபூரியே 1822-ல் கணிதமாக எழுதியிருந்தார். அதைப் போலவே கம்பி நெடுக மின்னழுத்தம் படிப்படியாக இறங்குகிறது என்று ஓம் எழுதினார். கொலோன் பள்ளியில் அரைச் சம்பளத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு, பெர்லினில் தம்பி மார்ட்டினோடு தங்கி எழுதி முடித்த புத்தகம் 1827-ல் வெளிவந்தது.

யாரும் கொண்டாடவில்லை. அன்றைய ஜெர்மன் இயற்பியலாளர்கள் பலருக்குச் சோதனைக்குப் பதில் கணிதம் போடுவதே பிடிக்காது. பெர்லினில் இருந்த போல் என்பவர் புத்தகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இத்தனைக்கும் ஓம் முதலில் சோதனை செய்து அளந்துவிட்டுத்தான் கணிதத்துக்கு வந்தார். ஆனால் புத்தகத்தில் கணிதத்தை முன்னால் வைத்துவிட்டார். 1825-ன் தவறான சூத்திரமும் அச்சில் அப்படியே கிடந்தது.

எதிர்பார்த்த பல்கலைக்கழக வேலை வரவில்லை. மனம் ஒடிந்த ஓம், 1828 மார்ச்சில் கொலோன் வேலையையும் ராஜினாமா செய்தார். பிறகு பெர்லினில் பள்ளிகளில் கணக்குப் பாடம் எடுத்து ஓட்டிய காலம். 1833-ல் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. சம்பளத்துக்கு வழி வந்தது, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

இதற்கிடையே விதி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. லைப்சிக்கில் ஃபெக்னர் வரிசையாகச் சோதனை செய்து ஓம் சொன்னது சரி என்று காட்டினார். பிரான்ஸில் பூய்யே அதே முடிவுக்கு வந்தார். தந்தி வந்துகொண்டிருந்த காலம் அது. எத்தனை மைல் கம்பிக்கு எத்தனை பேட்டரி வேண்டும் என்பது இனி வெறும் கல்விக் கேள்வி இல்லை. காசு போட்டவர்களின் கேள்வி. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய கோப்லி பதக்கத்தை ஓமுக்குக் கொடுத்தது. புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே ஆண்டு வந்தது. எழுதி 14 வருடம் ஆகியிருந்தது.

சொந்த ஊர்ப்பக்கம் இன்னும் தாமதம். 1849-ல் மியூனிக்குக்கு வந்தார். அங்கே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1852-ல், 63 வயதில். இளம் வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வேலையில் அவர் இருந்தது இரண்டே வருடம். 1854 ஜூலை 6 அன்று இறந்துபோனார். உடல் மியூனிக்கின் பழைய தெற்கு இடுகாட்டில் இருக்கிறது.

மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லெட் ஆசிட் பேட்டரியைப் பிரான்ஸின் பிளாந்தே செய்துகாட்டியது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1859-ல். வேனில் இருப்பதும், தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருப்பதும் அதன் வாரிசுகள்தான். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு, வோல்ட், ஆம்பியர் இரண்டோடு மின்தடையின் அலகாக ஓம் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டது. கம்பம் எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கும் சாதாரண மல்டிமீட்டரில் குதிரை லாடம் மாதிரி ஒரு கிரேக்க எழுத்து இருக்கிறதே, அது அவர் பெயருக்குத்தான்.